நடுத்தூர்

எங்கள் தெருவில் அவரிடம் புல் வாங்காத வீடு இல்லை. அவர் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் அந்தப் புல் முளைத்ததும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. தெருவில் மற்றவர்கள் இன்னும் பார்க்கவில்லை. போன வருஷம் அவர் இறந்தபோது, இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன் போய்விட்டாரே என்று அழுதார்கள். சவ வண்டியின் நாலு மூலையிலும் அந்தப் புல்லின் கதிரைத்தான் கட்டியிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதலியார்பேட்டையில் மில்லுக்குப் போகிற வழியில், சுற்றுச்சுவர் வைத்த பெரிய வீடு அவருடையது. சைகோனில் சுங்க இலாகாவில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மனைவி அங்கேயே காலமாகிவிட்டாராம். பிள்ளைகள் பாரிசில். பிரெஞ்சுத் துரைமாரைக் கூப்பிடுவது போல நாங்கள் அவரை முசியே என்று கூப்பிடுவோம். பெண்கள் ஐயா என்பார்கள். எங்களைப் போலத் தமிழர்தான், எங்களைவிடக் கறுப்பு. ஆனாலும் அவர் தெருவில் நடந்து வந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்துவிடுவார்கள். யாரும் எழுந்திருக்கச் சொன்னதில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்றுதான் அவர் சொல்லுவார். அவர் அப்படிச் சொல்வதைக் கேட்பதற்காகவே சிலர் எழுந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் புல்லைச் சைகோனிலிருந்து தகர டப்பாவில் மண்ணோடு கப்பலில் கொண்டுவந்தாராம். எங்களுக்கு அது சைகோன் புல். ஆள் உயரம் வளரும். ஒவ்வொரு தாளின் நடுவிலும் வெள்ளைக்கோடு ஒன்று ஓடும். ஐப்பசி மழை பிடித்ததும் கதிர் விடும். செம்பு நிறத்தில் சுருட்டிக்கொண்டு வரும், கார்த்திகையில் விரிந்து வெள்ளியாகிவிடும். காலை வெயில் கதிர்களுக்குப் பின்னால் ஏறும்போது, மில்லுக்குப் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்கள். மாடு தின்னாது, கூரைக்கும் ஆகாது. பார்ப்பதற்கென்று மட்டும் ஒரு மனிதர் புல் வளர்க்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய சங்கதி.

அவர் அதைப் பார்த்துக்கொண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாசி முடிகிறபோது கதிர் உதிர்ந்து தாளெல்லாம் வெளுத்துப்போகும். அப்போது ஒவ்வொரு புதரையும் இடுப்பில் கயிறு போட்டு, பெண்களின் கொண்டையைப் போல இறுக்கிக் கட்டுவார். கட்டிய பிறகுதான் அரிவாள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுப்பார். கட்டு அப்படியே சாயும், ஒரு தாள்கூடச் சிதறாது. தாளின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் தோல் கையுறையும் போட்டிருப்பார். எரு மட்டும் போடவே மாட்டார். "எரு போட்டா சோம்பேறியாயிடும். கொழுத்துப்போய் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சுக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் பார்வை வேலைக்காரர்கள் பக்கம் போகும்.

கதிர் விரிகிற காலத்தில்தான் எல்லோருக்கும் ஆசை வரும். சுவருக்கு வெளியே நின்று, "ஐயா, எங்க வூட்டுக்கும் ஒரு தூரு குடுங்களேன்" என்று கேட்பார்கள்.

"அதுக்கென்ன, பங்குனியில வாங்க. இல்லேன்னு யாரையும் திருப்பி அனுப்பினது இல்ல நானு."

பங்குனியில் போனால், கேட்காமலே எடுத்து வந்து தருவார். வாசல் நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடி, தூர்களை வரிசையாக வைத்திருப்பார். நாம் கேட்டதை நினைவு வைத்து முன்னாலேயே தோண்டி வைத்திருக்கிறாரே என்று மனசு நெகிழ்ந்துபோகும். அறுத்த தூர் எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேய்ந்த துடைப்பக்கட்டை மாதிரி. அதில் எது உயிருள்ளது, எது இல்லாதது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

எங்கள் எதிர்வீட்டுத் தையல்கார பாய் இரண்டு முறை வாங்கி நட்டார். இரண்டும் பட்டுப்போயின. "கப்பல்ல வந்த புல்லு இல்லியா, நம்ம வூட்டப் பாத்ததும் திரும்பக் கப்பல் ஏறிடுச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். முசியேயின் காதிலும் அது விழுந்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, பாயின் வாசலுக்கே வந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இருக்கு, பாய். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். பாய்க்குப் புல் போனதைவிட முசியே தன் வீட்டு மண்ணைத் தின்று பார்த்தது பெரிதாகிவிட்டது. அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

கொடுத்தது பிழைக்கவில்லை என்றால் அதற்கு வாங்கினவரிடம் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தருவார். அதையும் ஒரு பரிசு மாதிரி, தோளில் கைவைத்துத் தருவார்.

எனக்கும் தந்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். பள்ளியில் பிரெவே பரீட்சை தேறியபோது முதலில் வீட்டுக்கு வந்து கைகுலுக்கியவர் அவர்தான். என் கையை அதற்கு முன்னால் யாரும் குலுக்கியதில்லை. "இனிமே வெறுங்காலோட போகக் கூடாது" என்று சைகோன் சப்பாத்து ஒரு ஜோடி கொடுத்தார். பளபளவென்று மெருகு போட்டிருந்தது. மறுநாள் சான்றிதழ் வாங்க அதைப் போட்டுக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு அடிப்பாகமும் வாயைப் பிளந்துகொண்டன. தோல் உள்ளே எத்தனை வருஷமாகவோ இற்றுப்போயிருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். வருத்தப்பட்டார். என்னை முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"காலத் தேச்சுத் தேச்சு நடக்கற, தம்பி. அது வளர்ந்த விதம். பழகினா சரியாப் போயிடும்."

அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் பாதத்தைத் தூக்கித் தூக்கி நடந்தேன். தண்ணீரில் நடக்கிற கொக்கு மாதிரி இருக்கிறது என்று என் அக்கா கேலி செய்வாள்.

அக்காவுக்கு அவர் கொடுத்தது அதைவிடக் கெட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லாமல் இருந்த சமயம். மாமாவும் அவளும் எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் இருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் அவளும் போய் ஒரு தூர் கேட்டு வாங்கி வந்து நட்டாள். கழனித்தண்ணீர் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், குடிக்கிற தண்ணீரையே ஊற்றினாள். ஆடி வரைக்கும் பார்த்தாள். ஒன்றுமில்லை. முசியே வந்து பார்த்தார்.

"மண்ணு நல்ல மண்ணாத்தான் இருக்கு. தண்ணியும் பதமா ஊத்தியிருக்கீங்க. கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா. சிலபேருக்கு அமையறது இல்ல. மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாமல் அதை வேறு எங்கே வைப்பது? அன்றிலிருந்து அக்கா ஒரு முருங்கைப் போத்துகூட ஊன்றவில்லை. பூசணி விதை போடுவதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். பாய் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கல்யாணம். பாலிகையில் நவதானியம் தெளிக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டபோது, "எனக்குக் கை ஆவாதுக்கா, வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று தானாகவே விலகி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்காமல் இருக்கிறது.

இத்தனைக்கும் முசியே கெட்டவர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இழவு வீட்டுக்கு முதலில் வருகிறவர் அவர். நோயாளி என்றால் தன் வண்டியை அனுப்புவார். அதன் சக்கரம் வழியில் கழன்றது என்றால், அதுவும் நோயாளியின் நேரம்தான்.

பிரெஞ்சுக்கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மில்லில் ஆள் குறைத்தார்கள். மாமாவும் வெளியே வந்தார். கடற்கரைப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு ஆபீஸின் முன்வெளியைத் தோட்டமாக்க ஆள் எடுத்தார்கள், தினக்கூலிக்கு. மாமாவுக்குச் செடி கொடி ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து நூலும் தறியும்தான். ஆனாலும் கிடைத்தது. மதராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி, "திறப்பு விழாவுக்குள்ள இத பாக்கற மாதிரி பண்ணிடு. உன்னைப் பெர்மனன்ட் ஆக்கிடறேன்" என்றார். அந்த மாதம்தான் அக்காவுக்கு முதல் முறையாக நாள் தள்ளிப்போயிருந்தது. எங்கள் வீட்டில் அந்த ஒரு ஆங்கில வார்த்தையை எல்லோரும் கற்றுக்கொண்டோம். என் அம்மா அதைப் பெருமண்டு என்பாள்.

அது கார்த்திகை மாதம். அதிகாரி ஜீப்பில் எங்கள் தெரு வழியாகப் போனவர் கதிரைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே போய்க் காபி குடித்தார். ஆபீஸ் முன்னால் இதையே வரிசையாக வைத்துவிட்டால் விழாவுக்கு ஜோராக இருக்கும் என்றார்.

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க, சார். நம்ம ஊரு ஆபீசுக்கு இல்லாததா?" என்றார் முசியே.

பங்குனியில் மாட்டுவண்டி நிறைய ஈரச்சாக்கில் தூர்கள் ஏறின. போகிற வழியில் தண்ணீர் குடிக்க எங்கள் வாசலில் மாமா வண்டியை நிறுத்தினார். ஒரு சாக்கு சரிந்து கீழே விழுந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தும் தொடவில்லை.

"நான் தொட மாட்டேன்யா. நீயே எடுத்து வெய்யி. என் கை பட்டு இதுவும் போவணுமா?"

சித்திரை வெயிலில் மாமா கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். நிழலுக்குத் தென்னோலை குத்தினார். வைகாசியும் போனது. மத்தியானம் அவருக்குத் தூக்கில் சோறு கொண்டுபோவது என் வேலை. எப்போது போனாலும் ஏதாவது ஒரு தூரின் பக்கத்தில் குந்தி, மூஞ்சியைத் தரையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இத பாரேன், பச்சையாத் தெரியுது?"

"அது பாசி, மாமா."

"பாசி வருதுன்னா ஈரம் நல்லா இருக்குன்னுதான அர்த்தம்" என்பார்.

ஆடி பிறந்ததும் அதிகாரி முசியேவை ஜீப்பில் கூட்டிவந்தார். நான் அப்போது சோற்றுத் தூக்கோடு வேலியோரம் நின்றிருந்தேன். முசியே வரிசையைக் கடைசி வரை நடந்து பார்த்தார். ஒரு இடத்தில் குனிந்து மண்ணை அமுக்கினார். விரலில் ஈரம் ஒட்டியது. அதை அதிகாரியிடம் நீட்டிக் காட்டினார்.

"ஈரம் ஜாஸ்தி, சார். வேர் அழுகிப்போச்சு."

அதிகாரி மாமாவைப் பார்த்தார். "என்னய்யா இது? அந்தப் பெரியவர் வண்டி வண்டியாக் குடுத்திருக்காரு. தண்ணியக் கொட்டிக் கொட்டி அழுகடிச்சு வெச்சிருக்க?"

மாமா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"திட்டாதீங்க, சார்" என்றார் முசியே. குரல் அப்படிக் கனிந்திருந்தது. "பாவம், ஆசை ஆசையா ஊத்தியிருக்கான். நூல் ஓட்டுன ஆளுக்குச் செடியோட சமாசாரம் எப்படித் தெரியும்? அவன் மேல தப்பில்ல."

அந்த இரக்கமே போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் மாமாவின் இடத்தில் வேறொரு ஆள் நின்று குரோட்டன்ஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அப்போது நிறைமாதம். அவள் அழவில்லை. "நான் அன்னைக்கு வண்டி பக்கத்துல வந்து நின்னதே தப்பு" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் தெரிந்ததும் முசியே மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "நம்ம தோட்டத்துல வந்து இருந்துக்கோப்பா. எனக்கும் குனிய முடியல" என்றார். தெருவே உருகிப்போனது. இவனால் அவர் கொடுத்த புல்லெல்லாம் பாழானது, இருந்தும் இவனுக்கே வேலை கொடுக்கிறாரே என்றார்கள். அம்மா அவர் வீட்டு வாசலில் போய்க் கும்பிட்டு வந்தாள். நானும்தான் கும்பிட்டேன்.

அடுத்த பங்குனி. எனக்கு ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா கடப்பாரையால் ஒரு புதரைச் சுற்றி நெம்பி, மண்ணோடு தூக்கிப் புரட்டினார். வண்டிச்சக்கரம் அளவுக்கு இருந்தது. ஓரம் முழுக்க வெள்ளை வேரும் பச்சைக் குருத்துமாக மோதிரம்போல் ஒரு வட்டம். நடுவில் வெறும் சக்கை. விரலால் அமுக்கினால் பொடியாகியது.

"ஓரத்த நாலாப் பிளந்து அங்கங்க நட்டுடு. நடுவுல இருக்கறத சாக்குல சுத்தி வாசல்ல வெய்யி. கேட்டவங்க வருவாங்க" என்றார் முசியே.

மாமா கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றார். நான்தான் பேசினேன்.

"முசியே, நடுவுல செத்துப்போயிருக்கே?"

"எல்லாத் தூரும் வயசானா நடுவுல செத்துதான் போவும், தம்பி. அத எடுக்கலேன்னா ஓரமும் சேந்து கெட்டுடும்."

"அதையா எல்லாருக்கும் குடுக்கறீங்க?"

"கேக்கறாங்களே" என்றார். அவர் முகத்தில் கொஞ்சமும் கலக்கமில்லை. "இல்லேன்னு சொல்ல எனக்கு வர்றதில்ல. ஓரத்தக் குடுத்தா தெருவெல்லாம் இதே புல்லா ஆயிடும். அப்புறம் யாரு இங்க வந்து நின்னு பாப்பாங்க?"

"ஆபீசுக்கு அனுப்பினதும்…"

"கழிச்சுப் போட்டது அவ்வளவு இருந்துது."

"மாமாவுக்கு வேலை போயிடுச்சே, முசியே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வி படித்த பிள்ளையிடமிருந்து வரலாமா என்பது மாதிரி ஒரு பார்வை.

"அதான் நான் குடுத்திருக்கேனே, தம்பி."

பள்ளிக்கூட வேலை கிடைத்ததை அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். நேரே பின்கட்டுக்குப் போனேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சக்கையைச் சொன்னேன், சாக்கைச் சொன்னேன், பாய் வீட்டு மண்ணைச் சொன்னேன். "உன் கையில ஒண்ணும் இல்லக்கா, நட்டதே பொணம்" என்று கத்தினேன்.

அவள் குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கத்தாத. எதிர்வூட்டுக்குக் கேக்கப்போவுது."

"கேக்கட்டுமே."

"கேட்டுட்டு? பாய் போயி அவருகிட்ட நியாயம் கேப்பாரு. சாயங்காலம் உங்க மாமாவ நிறுத்திடுவாங்க. அப்பால எங்க போறது, மில்லுக்கா?" என்றாள். பிறகு தணிந்த குரலில், "பாலிகைக்குக் கூப்புட்டப்பவாவது போயிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் அவள் அதைப்பற்றிப் பேசியது.

எனக்கு ஆறவில்லை. மாமாவாவது ஏதாவது செய்வார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து மாலையில் அவரைக் கூட்டிவரப் போனேன். வாசலில், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தபால்காரரின் மனைவி நின்றிருந்தாள். வயசு என் தங்கை இருந்திருந்தால் அவ்வளவுதான் இருக்கும். கார்த்திகையிலேயே கேட்டு வைத்தாளாம். முசியே உள்ளிருந்து, "குடுத்தனுப்புப்பா" என்று குரல் கொடுத்துவிட்டு ரேடியோவுக்குத் திரும்பிவிட்டார். எங்கள் மூவரைத் தவிர அங்கே யாருமில்லை. நடுவதற்காக வைத்திருந்த ஓரத்தூர்கள் மாமாவின் காலடியிலேயே கிடந்தன, குருத்தோடு.

மாமா குனிந்தார். அதைத் தாண்டிக் கையை நீட்டி, சாக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். பொடி உதிராமல் மண்ணை நன்றாக அப்பி, ஈரத்துணியில் சுற்றி, அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் வைத்தார். அவள் அதைக் குழந்தையை வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டு போனாள்.

மில் மதில் வரைக்கும் நடந்தோம். அப்புறம் பொறுக்க முடியவில்லை.

"ஓரத்துல ஒண்ண எடுத்துக் குடுத்திருக்கலாமில்ல, மாமா? அவரு பாக்கக்கூட இல்ல."

"ஓரத்துல இருக்கறது மொளைக்கும்டா."

"அதான் சொல்றேன்."

மாமா நடையை நிறுத்தவில்லை. தாள் கிழித்த கோடுகள் அவர் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் இருந்தன. கையுறை முசியேயிடம் ஒரு ஜோடிதான் உண்டு.

"மொளைச்சா அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.